ஒன்பது மாதத் தேய்மானம்

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் மைல் மீட்டரைப் பார்த்துத்தான் ஏமாறுகிறார்கள். மீட்டரைத் திருப்பி வைக்க அரை மணி நேரம் போதும். பிரேக் பெடல்மேல் இருக்கும் ரப்பரைப் பார்க்க வேண்டும். இருபதாயிரம் மைல்தான் ஓடியது என்று சொல்லப்படும் வண்டியில் அந்த ரப்பர் ஓரம் வழவழவென்று தேய்ந்திருந்தால், விற்பவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் காபியைக் குடித்துவிட்டுக் கும்பிடு போட்டு எழுந்து வந்துவிடலாம். இதை இருபத்திரண்டு வருடமாகக் கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாகச் சொல்லி வந்திருக்கிறேன்.

என் பெயர் ஆரோக்கியசாமி. வயது நாற்பத்தாறு. பிறந்தது கோலார் தங்கவயலில், குடியிருப்பது அல்சூரை ஒட்டிய ஜோகுபாளையத்தில். பழைய பெரிய கார்களுக்கு விலை சொல்வது என் தொழில். புரோக்கர் என்று எழுதிக்கொண்டாலும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் பெங்களூர் தண்டுப் பகுதியில், அதாவது கன்டோன்மென்டில், புரோக்கர்கள் முப்பது பேர் இருக்கிறார்கள்; வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒருசேர நம்பிய வாய் என்னுடையது ஒன்றுதான். கோணிப்பையை விரித்து மல்லாந்து படுத்து, வண்டியின் அடிப்பக்கத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்துவிட்டுத்தான் விலை சொல்வேன். மழைக்காலத்திலும் அப்படித்தான். முதுகில் சேற்றோடு நான் எழுந்து நிற்பதைப் பார்த்தாலே பாதி பேரம் முடிந்துவிடும் என்பார்கள்.

இன்ஸ்பெக்டர் ஐயா, காகிதமும் பேனாவும் கொடுத்து, நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னீர்கள். நேற்று முழுக்க ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டீர்கள். இருபத்திரண்டாயிரம் பெறும் காரைச் சுந்தரேசனுக்கு ஏன் பதினெட்டாயிரத்துக்கு முடித்துக் கொடுத்தாய் என்று. வாயால் சொன்னால் எனக்குக் கோர்வையாக வராது. அதனால்தான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அதைத் திமிர் என்று உங்கள் ஏட்டு நினைத்துக்கொண்டார். பதில் சொல்வதற்கு முன், கார் விலை எப்படி ஏறி இறங்குகிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதுக் கார் கடை வாசலைத் தாண்டிச் சாலையில் இறங்கியதுமே அதன் விலையில் கால் பங்கு போய்விடும். யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை, அது தானாகப் போய்விடும். பிறகு வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஐந்தாறு வருடத்தில் பாதிக்கு வரும். இதற்குத்தான் தேய்மானம் என்று பெயர். நாற்பத்தேழிலும் நாற்பத்தெட்டிலும் வெள்ளைக்காரர்கள் கப்பல் ஏறியபோது இந்தக் கணக்கும் தவறிப்போனது. சந்தை கலைகிற நேரத்தில் தக்காளியைத் தள்ளிவிடுவது போல ப்யூக்கையும் ஹம்பரையும் தள்ளிவிட்டுப் போனார்கள். கர்னல்கள் ஏறிய வண்டிகளை எல்லாம் நான் மூவாயிரத்துக்கும் நாலாயிரத்துக்கும் முடித்துக் கொடுத்திருக்கிறேன். அப்புறம் அரசாங்கம் வெளிநாட்டுக் கார் வருவதைக் கட்டிப்போட்டது. புதுசு வராதபோது பழசுக்கு மவுசு வந்தது. வயது ஏற ஏற விலையும் ஏறுகிற விசித்திரத்தை நான் பெண் வீட்டிலும் பார்த்ததில்லை, மாப்பிள்ளை வீட்டிலும் பார்த்ததில்லை. பெரிய கார் வியாபாரத்தில் மட்டும் பார்த்தேன்.

சுந்தரேசன் முதலாளி அந்தக் காற்றில் மேலே ஏறிப் போனவர். வெள்ளைக்காரர்கள் தள்ளிவிட்டதை வாங்கிக் குவித்து, சவுத் பரேடு சாலைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை போட்டு நிறுத்தி, விலை ஏறியபோது ஒவ்வொன்றாக வெளியே விட்டார். மெல்லிய குரல். முழுக்கை வெள்ளைச் சட்டை. வேலைக்காரர்களை அடா புடா என்று கூப்பிட்டுக் கேட்டதில்லை. அவரைக் கெட்டவர் என்று இந்த ஊரில் யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். நான் சொல்வேன். எனக்குக் காரணம் இருக்கிறது, அந்தக் காரணத்துக்குப் பெயர் சவரிமுத்து.

சவரிமுத்து என் தம்பி. என்னைவிடப் பத்து வயது இளையவன். அப்பா சுரங்கத்தில் நெஞ்சு கெட்டுப் போய்ச் சேர்ந்தபோது அவன் கால்சட்டைக்குப் பொத்தான் போடத் தெரியாத பையன். அவனை இங்கே கூட்டிவந்து வளர்த்து, வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான்தான். ஐம்பதாம் வருடம் அவனுக்கும் பெர்னதெத்துக்கும் கல்யாணம் செய்து வைத்தேன். பெர்னதெத் தையல் தெரிந்த பெண். காக்ஸ் டவுன் துரைசானிகளுக்குக் கவுன் தைத்துச் சொந்தமாக ஒரு தையல் மிஷினும் வாங்கி வைத்திருந்தாள்.

தங்கவயலில் இருந்து பெங்களூருக்கு வாரா வாரம் வருகிற சுரங்கத்து ஆபீசர் குடும்பங்கள் பஸ்ஸில் ஏற மாட்டார்கள். சின்னக் கார் அனுப்பினால் முகம் சுளிப்பார்கள். கதவைச் சாத்தினால் தப் என்று கனமாகச் சத்தம் கேட்க வேண்டும் அவர்களுக்கு. அப்படி ஒரு பெரிய வண்டி சொந்தமாக இருந்தால் வாரத்தில் ஐந்து நாள் சவாரி உறுதி என்று சவரிமுத்து சொன்னான். அவன் சொன்னது சரிதான். சுந்தரேசனிடம் முப்பத்தொன்பதாம் வருடத்துக் கறுப்பு ப்யூக் ஒன்று நின்றது. நாலாயிரத்து எண்ணூறு. சவரிமுத்துவின் சேமிப்பு போதவில்லை. பெர்னதெத் தையல் மிஷினை விற்றுக் கொடுத்தாள்.

வண்டியை ஆயுத பூஜை அன்று எடுத்தோம். நாங்கள் கிறிஸ்தவர்கள்தான். ஆனால் தண்டுப் பகுதியில் ஸ்பானர் பிடிக்கிற எவன் எந்தக் கோயிலுக்குப் போனாலும், ஆயுத பூஜை எல்லோருக்கும் ஒன்றுதான். அன்று ஜாக்கி முதல் திருப்புளிவரை கழுவிச் சந்தனப் பொட்டு வைத்து அடுக்கிவிடுவார்கள். மறுநாள் காலைவரை ஒருவரும் தொட மாட்டார்கள். மாலை போட்ட வண்டியின் கீழே படுப்பது அபசகுனம். வண்டி எடுக்க அதைவிட நல்ல நாள் கிடையாது என்று ஊர் முழுக்க அன்றுதான் எடுக்கிறது. வண்டியைச் சரியாகப் பார்க்க முடியாத ஒரே நாளும் அதுதான் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை. பெர்னதெத் பானட்டுக்குச் சாமந்தி மாலை போட்டாள், சவரிமுத்து நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தான். சுந்தரேசன் என்னை ஓரமாகக் கூப்பிட்டு இரண்டு நிமிடம் விலை பேசினார், கையெழுத்து வாங்கினார். அது எப்போதும் உள்ளதுதான்.

ஒன்பது மாதம் வண்டி ராஜா மாதிரி ஓடியது. ஜூலையில் ஒரு பகல் நேரம், ஆபீசர் குடும்பத்தைத் தங்கவயலில் இறக்கிவிட்டுச் சவரிமுத்து தனியாகத் திரும்பி வந்தான். ஹோஸ்கோட்டே தாண்டி ஒரு வளைவு. வண்டி வளையாமல் நேரே போய்ப் புளியமரத்தில் மோதியது. நான் போய்ப் பார்த்தபோது அவனை எடுத்துவிட்டிருந்தார்கள். கோணிப்பை இல்லாமல் வெறும் தரையில் படுத்து அடியில் பார்த்தேன். முன்பக்க ஃபிரேமில் ஸ்டியரிங் பெட்டியைப் பூட்டியிருக்கும் இடத்தில் ஒரு பழைய வெல்டிங் பிளந்திருந்தது. அதன்மேல் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். ஸ்டியரிங் சக்கரம் சவரிமுத்துவின் கையில் இருந்திருக்கிறது, வண்டி அவன் கையில் இல்லை.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் சுந்தரேசன் ஜோகுபாளையத்துக்கு வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, பெர்னதெத்திடம் தணிந்த குரலில் பேசினார்.

"ஆனது ஆயிப்போச்சும்மா. வண்டிய நானே திரும்ப எடுத்துக்கறேன். எஞ்சின் நல்லா இருக்குது, பின்பக்க ஆக்சில் நல்லா இருக்குது. ஒம்பது மாசம் ஓடியிருக்குது பாருங்க, அந்தத் தேய்மானம் கழிக்கணும். அது போக தொள்ளாயிரம் தர்றேன்."

பெர்னதெத் என் பக்கம் திரும்பினாள். "தேய்மானம்னா இன்னா மாமா?"

"தெனம் கொஞ்சம் கொஞ்சமா கொறையறது," என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டாள். தெருவில் சிலர் அதைத் தாராளம் என்றுகூடச் சொன்னார்கள். நொறுங்கிய வண்டிக்கு அறுநூறுக்கு மேல் யாரும் தர மாட்டார்கள் என்பது உண்மைதான்; என்னைக் கேட்டிருந்தாலும் அறுநூறுதான் சொல்லியிருப்பேன். அதுவல்ல விஷயம். என் தம்பி உயிரோடு இருந்து, விடிந்தால் எழுந்து, தங்கவயலுக்கும் பெங்களூருக்கும் நடையாய் நடந்த ஒன்பது மாதத்தை அந்த மனிதர் அவன் பெண்டாட்டி எதிரில் கழித்துக் காட்டினார். எழுந்து போகும்போது அவள் தலைக்கு மேலாக என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்த நிமிடம் எனக்கு அவர்மேல் வந்ததை வெறுப்பு என்றே எழுதுகிறேன். அது பத்து வருடத்தில் ஒரு பைசா தேயவில்லை.

அவரோடு உறவை முறித்துக்கொள்ளவில்லை. முறித்துக்கொண்டால் அவர் கொட்டகைக்குள் எனக்கு என்ன வேலை இருக்கும். முன்பைவிட நெருங்கினேன். அவர் வாங்கிய ஒவ்வொரு வண்டியையும் நான்தான் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அவர் ஒரே கேள்வி கேட்பார். "கீழ பாத்தியா ஆரோக்கியம்?" வேறு எந்தப் புரோக்கரையும் அவர் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. என்னைக் குத்துவதற்காகவே கேட்கிறார் என்று புரிந்துகொண்டேன். பாத்தேன் முதலாளி என்று சிரித்துக்கொண்டே சொல்வேன். வீட்டுக்கு வந்து அன்று சாப்பிட மாட்டேன்.

நடுவில் அவரைச் சீரழிக்க வேறு வழிகளும் தோன்றின. மோசமான வண்டிகளை அவர் தலையில் கட்டி நஷ்டப்படுத்தலாம். இரண்டு தடவை செய்தும் பார்த்தேன். அவர் அதிலும் லாபம் பார்த்தார், ஏனென்றால் எல்லா வண்டியும் விலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. அதோடு அதில் நியாயமும் இல்லை. போனது உயிர். அதற்குப் பணத்தை எடுத்தால் நானும் அவரைப் போலக் கழித்துப் பார்க்கிறவன் ஆகிவிடுவேன். சவரிமுத்து போன வழியில்தான் அவர் போக வேண்டும் என்று தீர்மானித்தேன். அதே இடத்தில் விரிசல் விட்ட ஒரு வண்டி வரட்டும் என்று காத்திருந்தேன். நானூறு வண்டிகளுக்குக் கீழே படுத்திருப்பேன். அச்சு முறிந்தது, தரை துருவேறியது எல்லாம் வந்தது. நான் தேடியது மட்டும் வரவில்லை.

போன ஆகஸ்டில் வந்தது. சிக்மகளூர் காபித் தோட்டத்துக்காரர் ஒருவருடைய பத்து வருடத்து வண்டி. பச்சை நிறம், உள்ளே நிஜத் தோல் இருக்கை, பெடல் ரப்பர் புதுசு போல இருந்தது. தோட்டக்காரர் இறந்துவிட்டார், மகனுக்கு அவசரம். மலைப் பாதையில் எப்போதோ பாறையில் இடித்ததை அந்தப் பையன் அறிந்திருக்கவில்லை. கோணிப்பைமேல் படுத்து, ஸ்டியரிங் பெட்டிக்கு அருகே மயிரிழை மாதிரி ஓடிய விரிசலைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டது கைகூடினால் வருமே, அந்தச் சிரிப்பு.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். சந்தை விலை இருபத்திரண்டாயிரம். அந்த விலை சொன்னால் சுந்தரேசன் யோசிப்பார், இன்னொருவனைக் கூப்பிட்டுக் காட்டுவார். பதினைந்தாயிரம் என்றால் எங்கோ இடிக்கிறதே என்று அவரே முழங்கால் வலியைப் பொறுத்துக்கொண்டு குனிந்து பார்ப்பார். பதினெட்டாயிரம் என்பது, தன் சாமர்த்தியத்தால் குறைந்தது என்று ஒரு வியாபாரி நம்புகிற விலை. அந்த விலையில் மனிதர்கள் பொருளைப் பார்ப்பதில்லை, தங்களைப் பார்த்துக்கொள்கிறார்கள். என் தொழிலில் நான் போட்டதிலேயே துல்லியமான விலை அதுதான்.

இதை விற்காமல் தானே வைத்துக்கொள்ளச் சொல்லி அவரைச் சம்மதிக்க வைத்ததும் நான். இத்தனை வருடம் பிறருக்குப் பெரிய வண்டி விற்றீர்கள், நீங்கள் மட்டும் சின்ன வண்டியில் போகிறீர்களே என்று சொன்னேன். வெட்கப்பட்டார். பிடித்திருந்தது அவருக்கு.

விரிசலை அப்படியே விட்டால் யார் கண்ணிலாவது படலாம். அதனால் வெல்டர் சின்னப்பாவிடம் கொண்டுபோனேன். மேலாக ஒரு கோடு இழுத்தால் போதும், உள்ளே இறங்க வேண்டாம், வண்டியைப் பிரித்து விற்கத்தான் போகிறார்கள் என்று சொன்னேன். அவன் முணுமுணுத்துக்கொண்டே செய்தான்; அரைகுறை வேலை அவனுக்குப் பிடிக்காது. உங்களிடம் வந்து சொன்னதும் அவன்தான் என்று தெரியும். எனக்கு அவன்மேல் கோபமில்லை. அவனை விட்டுவிடுங்கள். கறுப்புப் பெயிண்ட் நானே அடித்தேன்.

நாணுவைப் பற்றிக் கேட்பீர்கள். சுந்தரேசனின் டிரைவர். ஜீவனஹள்ளியில் குடியிருந்தான். பெண்டாட்டி பெயர் காந்தா, மூன்று மாதக் குழந்தை. சுந்தரேசன் தானாக வண்டி ஓட்டுவதில்லை. ஆகவே நாணு அதில் இருப்பான் என்பது எனக்குத் தெரியும். தெரியாது என்று பொய் சொல்ல மாட்டேன். பூஜைக்கு ஒரு வாரம் முன்பு அவனைக் கூப்பிட்டு, ஒரு மில் முதலாளியிடம் மாதம் பதினைந்து ரூபாய் கூடுதலாக வேலை பார்த்து வைத்திருக்கிறேன், உடனே சேர்ந்துவிடு என்று சொன்னேன்.

"வேணாம் சார்," என்றான். "எங்கம்மா ஆஸ்பத்திரில கெடந்தப்போ முதலாளிதான் பாத்துக்கினார். அவர உட்டுட்டு எப்படி வர்றது?"

நான் இரண்டாம் முறையும் சொன்னேன். அவன் இரண்டாம் முறையும் மறுத்தான். ஒருவனுக்கு வழி காட்டலாம், இழுத்துக்கொண்டு போக முடியாது. அதற்குப் பிறகு அது அவன் முடிவு.

ஆயுத பூஜை அன்று காலை வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். நாள் குறித்ததும் நான்தான். நல்ல நாள் என்றதும் அவர் தட்டவில்லை. மாலை போட்டார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள். கொட்டகையில் ஸ்பானர்கள் எல்லாம் சந்தனப் பொட்டோடு வரிசையாக அடுக்கியிருந்தன. சுந்தரேசன் வண்டியைச் சுற்றி வந்து, என் தோளில் கை வைத்து, வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"கீழ பாத்தியா ஆரோக்கியம்?"

"பாத்தேன் முதலாளி."

அது சத்தியமான பதில். இன்றுவரை ஒரு வண்டியைப் பற்றியும் நான் பொய் சொன்னதில்லை என்று இந்த ஊரில் பேசுகிறார்கள், அன்றும் சொல்லவில்லை. அவர் மேற்கொண்டு ஏதாவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. அவர் கேட்கவில்லை.

பதினேழு நாள் ஓடியது. கோலாரில் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது நரசாபுரத்துக்கு இந்தப் பக்கம் வண்டி சாலையை விட்டு இறங்கி மதகுச் சுவரில் மோதிக் கவிழ்ந்தது. ஹோஸ்கோட்டே வளைவிலேயே நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவ்வளவு தூரம் எதிர்பார்ப்பது பேராசை. சுந்தரேசன் அங்கேயே போய்விட்டார். நாணு மறுநாள் சாயங்காலம்வரை இருந்தான். ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்னை அடையாளம் கண்டுகொண்டான்.

"வண்டி என் பேச்சு கேக்கல சார். எம்மேல தப்பில்ல. முதலாளிகிட்ட நீங்க சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். வேலை போய்விடுமோ என்றுதான் பாவம் பயந்தான். முதலாளி போய்விட்டதை நான் சொல்லவில்லை; அந்த நிலையில் சொல்வது சரியாக இருக்காது.

சுந்தரேசன் வீட்டார் நொறுங்கிய வண்டிக்கு விலை போட என்னைத்தான் கூப்பிட்டார்கள். வேறு யாரை நம்புவார்கள். அவர் மனைவி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எஞ்சின் நன்றாக இருக்கிறது, பின்பக்க ஆக்சில் நன்றாக இருக்கிறது, பதினேழு நாள் ஓடியிருக்கிறது, அந்தத் தேய்மானம் போக இவ்வளவு என்றேன். அந்த வார்த்தையைச் சொன்னபோது நாக்கு இனித்தது, ஐயா. பத்து வருடம் சாப்பாட்டில் உப்பு உறைக்காமல் இருந்தவனுக்கு அன்றுதான் உறைத்தது. நாணுவின் பதினேழு நாள் சம்பளத்தைக் கேட்டு வாங்கி, ஜீவனஹள்ளிக்கு நானே கொண்டுபோய் காந்தாவிடம் கொடுத்தேன். ஒரு பைசா கழிக்கவில்லை. அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, இனிமேல் நான் என்ன செய்வது என்று கேட்டாள். தையல் கற்றுக்கொள்ளச் சொன்னேன்.

அங்கிருந்து நேரே பெர்னதெத்தைப் பார்க்கப் போனேன். அவள் இப்போதும் ஜோகுபாளையத்தில்தான் இருக்கிறாள். ஒரு தையற்கடையில் காஜா எடுக்கிறாள், எல்லாம் கைத்தையல்தான். கண் பார்வை மங்கிவிட்டது. இந்தச் செய்தியை அவளிடம் சொல்லும் நாளுக்காகத்தான் நான் கல்யாணம்கூடச் செய்துகொள்ளாமல் இருந்தேன் என்று நினைக்கிறேன். சுந்தரேசன் செத்துவிட்டார், சவரிமுத்து செத்த மாதிரியே செத்தார், டிரைவரும் பிழைக்கவில்லை என்றேன். அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"பாவம் மாமா. வண்டி ஓட்டனவருக்குக் கொழந்த இருக்குதா?"

அவள் மகிழ்வாள் என்று எதிர்பார்த்தேன். அவளுக்கு முழு விவரம் தெரியாததால் அப்படிக் கேட்டாள் என்று சமாதானம் செய்துகொண்டேன். அவள் தெரிந்துகொள்ள வேண்டும். அவள் புருஷனைக் கொன்றவன் யார், அவனுக்குக் கணக்குத் தீர்த்தவன் யார் என்று தெரிய வேண்டும். நீங்கள் என்னைப் பிடிக்க வந்தபோது நான் ஓடாததற்கும் அதுதான் காரணம். சுந்தரேசனை நான் கொன்றேன். திட்டமிட்டுக் கொன்றேன். நாணுவையும் கொன்றேன் என்று எழுத வேண்டுமென்றால் எழுதிக்கொள்ளுங்கள்.

இத்துடன் நிறுத்தியிருப்பேன். இன்று காலை நீங்கள் மேசைமேல் வைத்த காகிதத்தைப் பற்றியும் எழுதச் சொல்லிவிட்டீர்கள். சுந்தரேசனின் அலமாரியில் கிடைத்தது என்றீர்கள். ஐம்பதாம் வருடம் சவரிமுத்துவுக்கு விற்ற ப்யூக்கின் விற்பனைச் சீட்டு. அடியில் அவர் கையால் எழுதியிருக்கிறார்: முன்பக்க ஃபிரேமில் பழைய வெல்டிங் உண்டு, இரும்புத் தட்டு வைத்துப் பலப்படுத்திய பிறகே ஓட்டவும், இதற்காக முந்நூறு ரூபாய் குறைக்கப்பட்டது, புரோக்கரிடம் சொல்லப்பட்டது. கீழே இருக்கும் கையெழுத்து என்னுடையதுதான்.

ஓரமாகக் கூப்பிட்டுப் பேசிய அந்த இரண்டு நிமிடத்தில் சொன்னார். நான் என்ன செய்திருக்க முடியும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். பெர்னதெத் மாலை போட்டுக்கொண்டிருந்தாள். சவரிமுத்து எலுமிச்சம்பழத்தோடு நின்றுகொண்டிருந்தான். சொன்னால் வேண்டாம் என்று திரும்பியிருப்பான். நாளும் போய்விடும், வண்டியும் கை மாறிவிடும். அன்றைக்கு எந்த வெல்டரும் நெருப்பைத் தொட மாட்டான். பூஜை கழியட்டும், நாமே சத்தமில்லாமல் தட்டு வைத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்காகவே அந்த முந்நூறைத் தம்பியிடம் சொல்லாமல் எடுத்து வைத்தேன். மறுநாளே வண்டிக்குச் சவாரி வந்துவிட்டது. பிறகு கிறிஸ்துமஸ் வந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தேன். வண்டி ஒரு நாள்கூடச் சும்மா நிற்கவில்லை. நன்றாகத்தானே ஓடுகிறது என்றும் தோன்றியது. முந்நூறு ரூபாய் வேறு செலவுகளில் போய்விட்டது. ஒரு கோட்டு தைத்துக்கொண்டேன். பெரிய இடங்களுக்குப் போய் வருகிறவனுக்கு அது தேவைப்பட்டது.

சுந்தரேசன் இதை யாரிடமும் சொல்லவில்லை. அடக்கத்துக்குப் பிறகு வந்தாரே, அன்றும் சொல்லவில்லை. பத்து வருடத்தில் ஒருமுறை, நாலு பேர் எதிரில் என்னைக் கேட்டிருக்கலாம், தனியாகக் கூப்பிட்டு அறைந்திருக்கலாம். கேட்காமலே, என் தோளில் கை போட்டுக்கொண்டே இருந்தார். அப்படிப்பட்ட மனிதரோடு ஒரே ஊரில் காலம் தள்ளுவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது.

இன்னும் ஒரு விஷயம். பெர்னதெத் இங்கே வந்தால் இந்த வாக்குமூலத்தை அவளுக்குப் படித்துக் காட்டுங்கள். அவளுக்குக் கண் சரியில்லை. சுந்தரேசனையும் நாணுவையும் நான் கொன்றேன் என்று எழுதியிருக்கும் இடம்வரை நிதானமாகப் படியுங்கள். அதற்குப் பிறகு இருப்பதெல்லாம் வியாபார விஷயம், அவளுக்குப் புரியாது.